பூவின் முகம் மட்டும் போதாது: தானாக முளைக்கும் செடிகளைப் படமெடுத்துப் பதிவிடுவது பற்றி

ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கும் செடிகளை ஃபோனில் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் போட்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் பதிவுகள் சிற்றினப் பெயர் (ஸ்பீசிஸ்) வரை போகாமல், அதற்கு மேல்படியான பேரினத்தோடோ (ஜீனஸ்) குடும்பத்தோடோ நின்றுவிடுகின்றன, சிலவற்றை மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை, நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி.

வாங்க வேண்டாம். கையில் இருக்கும் ஃபோனே போதும். அந்தத் தளத்தில் மற்றவர்கள் போடும் படங்களுக்கு அடையாளம் சொல்பவர்களில் நானும் இருப்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். நின்றுபோகும் பதிவுகளில் பெரும்பாலானவை மங்கலான படங்கள் அல்ல. பளிச்சென்று, பூ நேராக நம்மைப் பார்க்கும்படி எடுத்த ஒரே ஒரு படமாகத்தான் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதே மாதிரி பூக்கும் வேறு இரண்டு மூன்று செடிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் பூவின் பின்புறத்திலோ இலைக்கு அடியிலோ காயிலோ இருக்கும். அது படத்தில் வந்திருக்காது. செடியைத் தொடவோ திருப்பிப் பார்க்கவோ முடியாத ஒருவர், உங்கள் படங்களை மட்டும் வைத்து "இது இன்னது, மற்றது இல்லை" என்று சொல்லியாக வேண்டும். அவர் திருப்பிப் பார்க்க நினைக்கும் இடத்தையெல்லாம் அவருக்காக நீங்கள் திருப்பிப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மழை விழுந்த கொஞ்ச நாளில் வாய்க்கால் வரப்பு, வீட்டுக் கொல்லை, பேருந்து நிலையச் சுவரோரம் என்று எங்கும் முளைத்துவிடும். தெரிந்த செடிதானே என்று மேலிருந்து ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் தெரிவது இரண்டு வரிசையாக அடுக்கிய சின்னச் சின்ன இலைகள்தான். ஃபில்லாந்தஸ் பேரினத்தில் நம் பக்கம் களையாக வளரும் பல செடிகளுக்கும் அந்தத் தோற்றம் பொது. ஃபில்லாந்தஸ் அமாரஸ், ஃபில்லாந்தஸ் யூரினேரியா, ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் எல்லாம் ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். பழைய நூல்கள் பலவற்றில் நம்மூர்க் கீழாநெல்லிக்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. நம் கொல்லையில் நிற்பது அது இல்லை. ஆகவே புத்தகத்தில் பார்த்த ஞாபகத்தில் நிரூரி என்று போட்டுவிடாதீர்கள்.

இப்போது ஒரு சிறுகிளையைப் பிடித்து அடிப்புறம் மேலே வரும்படி திருப்புங்கள். இலைகளுக்குக் கீழே பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். ஃபோனை அரைச் சாண் தூரத்துக்குக் கொண்டுபோய் எடுங்கள். காய் வழவழப்பாக, மெல்லிய காம்பில் தொங்கினால் அமாரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டி, மேற்பரப்பு சொரசொரப்பாகப் புடைத்திருந்தால் யூரினேரியா. அதன் தண்டிலும் பெரும்பாலும் செம்மை ஓடியிருக்கும். பூ இருந்தால் அதன் இதழ்களை எண்ணும்படி ஒரு படம் எடுங்கள்: அமாரஸுக்கு ஐந்து, யூரினேரியாவுக்கு ஆறு. முற்றிய காய் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் ஆரஞ்சுச் சுளை வடிவில் குட்டி விதைகள் உதிரும். விதையின் முதுகில் கோடுகள் நீளவாட்டில் ஓடினால் அமாரஸாக இருக்கலாம், குறுக்கே ஓடினால் யூரினேரியா. இதற்கு மட்டும் ஃபோனில் மாட்டும் கிளிப் லென்ஸ் ஒன்று இருந்தால் வசதி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மேலாநெல்லி என்கிற ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸைப் பிரிக்க முழுச் செடியின் படம் வேண்டும். கீழாநெல்லியின் நடுத்தண்டில் இலை இருக்காது, செதில்தான் இருக்கும். இலையெல்லாம் பக்கக் கிளைகளில் இருக்கும். மேலாநெல்லியில் தண்டிலேயே இலை வரும், அடி குறுகி நுனி அகன்றிருக்கும்.

ஆக முழுச் செடி, திருப்பிய கிளை, காய், முடிந்தால் விதை. இந்த நான்கு படங்கள் இருந்தால் அடையாளம் சொல்பவர் சில நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடுவார். மேலிருந்து எடுத்த ஒரு படத்தோடு விட்டால் 'ஃபில்லாந்தஸ்' என்பதைத் தாண்டி நேர்மையாக எதுவும் சொல்ல முடியாது. மருந்துக்காகச் சந்தைக்கு வரும் கீழாநெல்லியில் பிற சிற்றினங்களும் கலந்து வருவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எது எங்கே, எந்த மாதத்தில் காய்க்கிறது என்ற பதிவு அதனால் சும்மா ஒரு எண்ணிக்கையாகப் போய்விடுவதில்லை.

ஒவ்வொரு குடும்பத்திலும் எங்கே திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது மாறும். சூரியகாந்திக் குடும்பத்துச் சிறு களைகளில் பூத்தலையின், அதாவது ஒரே பூப்போல் தெரியும் குட்டிப் பூக்களின் கொத்தின், கழுத்துதான் முக்கியம். முயல்செவி, சீதேவி செங்கழுநீர் இரண்டும் ஊதா நிறத்தில் குட்டிக் குட்டியாகப் பூக்கும். பூவை நேராகப் பார்த்தால் குழப்பம் வரும். பக்கவாட்டில் எடுத்தால் முயல்செவியில் பூத்தலையைச் சுற்றி நீளமான பச்சைச் செதில்கள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும், சீதேவி செங்கழுநீரில் ஓட்டு வரிசைபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு இருக்கும். அவ்வளவுதான், சந்தேகம் தீர்ந்தது. தாளிக் கொடிகளில், அதாவது ஐப்போமியாக்களில், புனல் மாதிரி விரிந்த பூவை எல்லோரும் முன்னால் நின்று எடுக்கிறார்கள். அடையாளமோ பூவுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து பச்சைப் புல்லி இதழ்களில் இருக்கிறது: அவற்றின் நீளம், நுனி கூரா மழுங்கலா, மேலே முடி உண்டா என்பதைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். தும்பையில் வெள்ளைப் பூ உதிர்ந்த பிறகு நிற்கும் பச்சைக் குழலின் வாய் எந்த வடிவில் இருக்கிறது, பற்கள் எப்படி இருக்கின்றன என்பதே தும்பையின் பேரினமான லூகாஸில் சிற்றினங்களைப் பிரிக்கும் சாவி. பூ உதிர்ந்த தும்பையை 'முடிந்துபோனது' என்று தாண்டிப் போகாதீர்கள்.

எருக்கில் நேர்மாறு. அங்கே பூவின் முகமே பேசும். இதழ்கள் விரிந்து பின்னோக்கி வளைந்திருந்தால் நாம் அதிகம் பார்க்கும் கலோட்ரோபிஸ் ஜைகாண்டியா. இதழ்கள் கிண்ணம்போல் நிமிர்ந்து, நுனி மட்டும் அடர் ஊதாவாக இருந்தால் கலோட்ரோபிஸ் புரோசெரா. ஊமத்தையில் பூவைவிடக் காய் முக்கியம்: நிமிர்ந்து நிற்கிறதா தொங்குகிறதா, முள் நீளமா குட்டையா, முற்றினால் நான்காகப் பிளக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணத்தக்காளியில் பழுத்த பழமும் அதன் காம்படியும் வேண்டும். பழம் பளபளக்கும் கறுப்பா, மங்கிய கறுப்பா, ஆரஞ்சு நிறமா. காம்பருகில் இருக்கும் புல்லி இதழ்கள் பழத்தோடு ஒட்டியிருக்கின்றனவா, பின்னோக்கி மடிந்திருக்கின்றனவா. இது எல்லோர் வீட்டிலும் சமைக்கும் கீரை, ஆனாலும் சோலானம் நைக்ரம், சோலானம் அமெரிக்கானம், சோலானம் வில்லோசம் என்று மூன்று செடிகள் அந்த ஒரு பெயருக்குள் வந்து போகின்றன.

புற்களையும் கோரைகளையும் எடுப்பவர்கள் குறைவு, எடுத்தாலும் தூரத்திலிருந்து ஒரு புதராக எடுக்கிறார்கள். கதிரை அருகிலிருந்து எடுங்கள். இலையின் உறை தண்டை விட்டுப் பிரிந்து வெளியே வளையும் இடத்தை மெல்ல விலக்கி உள்பக்கம் எடுங்கள். அங்கே மெல்லிய சவ்வு இருக்கிறதா, முடி வரிசை இருக்கிறதா என்பது புல்லுக்கு மிக முக்கியம். தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரைக் குடும்பமாக இருக்கலாம். இதைக் குறிப்பில் ஒரு வரி எழுதினாலே பெரிய உதவி.

மரங்களுக்கு வேறு சிக்கல். கீழே கிடக்கும் பூ அந்த மரத்துடையது என்று நம்பிவிடக் கூடாது. மேலே படர்ந்த கொடியுடையதாக இருக்கும், பக்கத்து மரத்துடையதாக இருக்கும். கிளையில் இருக்கும் நிலையில் ஒரு படம், தூரத்திலிருந்தாவது, கட்டாயம் வேண்டும். கொன்றையில் இதன் பயன் தெரியும். சரக்கொன்றையின் மஞ்சள் பூங்கொத்து கீழ்நோக்கிச் சரமாகத் தொங்கும். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, வனத்துறை அகற்றப் பாடுபடும் அயல் மரமான சென்னா ஸ்பெக்டாபிலிஸ் அதே மஞ்சளில் பூக்கும், ஆனால் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். ஒரு பூவை மட்டும் நெருக்கமாக எடுத்தால் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. பரவும் அயல் மரம் புதிதாக எந்தச் சாலையில் எட்டிப்பார்க்கிறது என்பது சீக்கிரம் தெரிந்தால் பிடுங்குவது எளிது; அதனால் இங்கே தூரப் படத்துக்குத்தான் மதிப்பு அதிகம். இலையை எடுக்கும்போது ஒற்றை இலையைக் கிள்ளி எடுக்காமல், கிளையோடு சேர்த்து எடுங்கள். இலைகள் எதிரெதிரே இருக்கின்றனவா மாறி மாறி இருக்கின்றனவா, நாம் இலை என்று நினைப்பது கூட்டிலையின் ஒரு சிற்றிலைதானா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஃபோனில் எடுக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னப் பூவை எடுக்கும்போது ஃபோன் பின்னால் இருக்கும் புல்லைத்தான் தெளிவாக்கும். பூவுக்குப் பின்னால் உள்ளங்கையை வையுங்கள், திரையில் பூவின் மேல் தொடுங்கள், பிடித்துக்கொள்ளும். ரொம்ப நெருங்கினால் எந்த ஃபோனும் தடுமாறும். கொஞ்சம் தள்ளி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். தும்பை மாதிரி வெள்ளைப் பூ வெயிலில் வெளிறிப்போய் உள்ளே எதுவும் தெரியாது, உங்கள் நிழல் அதன்மேல் விழும்படி நின்று எடுங்கள். ஆடிக் காற்றில் தண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் போதும், விரல் படத்தில் விழுந்தால் பரவாயில்லை. அளவு தெரிவதற்கு அதுவே உதவும். பூ விரியும் நேரத்தையும் பாருங்கள். விஷ்ணுகிரந்தி காலையில் நீலமாக விரிந்திருக்கும், பிற்பகலில் போனால் சுருங்கிக் கிடக்கும்.

படத்தில் ஏறாதவற்றை எழுத வேண்டும். கிள்ளினால் பால் வருகிறதா, என்ன நிறம், கசக்கினால் வாடை உண்டா, நாய்க்கடுகு மாதிரி கையில் பிசுபிசுக்கிறதா, கொடியானால் சுற்றி ஏறுகிறதா, பற்றுக்கம்பியால் ஏறுகிறதா, தரையில் படர்கிறதா, எவ்வளவு உயரம். பால் வரும் செடியைத் தொட்ட கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணைப் பாதிக்கும். எங்கே நின்றது என்பதைப் பேச்சுவழக்கில் எழுதினாலே போதும்: கரிசல் காட்டு வரப்பு, தேரி மணல், ஏரியின் நீர் வற்றிய சேறு, பாறை இடுக்கு. "சாலையோரம்" என்று மட்டும் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். அந்த ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டால், ஆடு கடிக்குமா கடிக்காதா என்பதுவரை சொல்வார்கள். உலர்த்திய செடியை ஒட்டி வைக்கும் எந்த ஹெர்பேரியத் தாளிலும் எளிதில் கிடைக்காத தகவல் அது.

அடுத்தது இடமும் தேதியும். இங்கேதான் நிறையப் பதிவுகள் வீணாகின்றன. ஃபோன் கேமராவின் அமைப்புகளில் இருப்பிடப் பதிவை இயக்கி வையுங்கள். செடியருகே போனதும் சில நொடி பொறுத்து எடுத்தால் ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்கும். நண்பர் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிப் போடாதீர்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதிலுள்ள இடத் தகவலை நீக்கிவிடுகிறது, தளத்தில் நீங்கள் கையால் ஏதோ ஒரு இடத்தைக் குத்த வேண்டிவரும். பதிவு எப்படியும் எடுத்தவரின் கணக்கிலிருந்து வருவதுதான் முறை. சரியான இடம் ஞாபகம் இல்லை என்றால், வரைபடத்தில் புள்ளியைச் சுற்றி வரும் துல்லிய வட்டத்தைப் பெரிதாக வையுங்கள். "இந்த ஐந்து கிலோமீட்டருக்குள்" என்று ஒப்புக்கொள்ளும் பதிவு பயன்படும். தப்பான இடத்தில் குத்திய துல்லியமான புள்ளி பயன்படாது.

பதிவேற்றும்போது ஒரு செடி, ஒரு நாள், ஒரு பதிவு. ஒரே செடியின் நான்கு படங்களை நான்கு பதிவாகப் போடுகிறவர்கள் மிக அதிகம். பூ ஒரு பதிவில், காய் இன்னொரு பதிவில் கிடந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாராலும் முடியாது. நேர்மாறாக, ஏரிக்கரையில் பார்த்த ஐந்து செடிகளை ஒரே பதிவில் அடைப்பவர்களும் உண்டு, அதற்கு யாராலும் ஒரு பெயர் சொல்ல முடியாது. அதே செடியை அடுத்த மாதம் காயோடு பார்த்தால் புதுப் பதிவாகப் போட்டு, பழைய பதிவின் இணைப்பைக் குறிப்பில் கொடுங்கள்.

யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் பெயர்க் கட்டம் காலியாக இருப்பதுதான். அடையாளம் சொல்பவர்கள் 'தமிழ்நாடு, அவரைக் குடும்பம்' என்பதுபோல் வடிகட்டித்தான் பார்க்கிறார்கள். பெயரே போடாத பதிவு அப்படிப்பட்ட வடிகட்டியில் விழாது. தெரியாவிட்டால் 'தாவரம்' என்றாவது, 'பூக்கும் தாவரம்' என்றாவது போடுங்கள். குடும்பம் தெரிந்தால் அதைப் போடுங்கள். தளத்தின் கணினி சொல்லும் பரிந்துரையைப் பாருங்கள், ஆனால் சிற்றினப் பெயரை அப்படியே ஏற்க வேண்டாம். ஏற்கெனவே பதிவான படங்களிலிருந்து கற்றதுதான் அது. போதுமான படங்கள் இல்லாத நம்மூர்ச் செடி அதன் பட்டியலிலேயே இருக்காது, அதற்குப் பதிலாக எங்கோ வளரும் உறவுக்காரச் செடியை நம்பிக்கையோடு காட்டும். பேரினம் வரை அது சொல்வது பலமுறை சரியாக இருக்கிறது என்பது என் அனுபவம்.

யாராவது ஒரு பெயர் சொன்னதும் நன்றி சொல்வதுபோல் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தேதி, இடம், படம் எல்லாம் இருந்து இரண்டு பேர் ஒரே சிற்றினத்தைச் சொன்னால் பதிவு 'ஆராய்ச்சித் தரம்' என்ற தளத்தின் நம்பகக் குறியைப் பெற்றுவிடும். உரிமம் அனுமதித்தால் அங்கிருந்து ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்குப் போய்விடும். அந்த இரண்டாவது ஆள் நீங்கள்தான். அடையாளத்தை நீங்களே பார்த்துச் சரி என்று தெரிந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் "எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள், அடுத்த முறை எதைப் படமெடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். உரிமத்தில் 'எல்லா உரிமையும் எனக்கே' என்று வைத்திருந்தால் பதிவு அந்தத் தரவுத்தளத்துக்குப் போகாது. வணிகமல்லாத பயன்பாட்டை அனுமதிக்கும் பொது உரிமம் வைத்தால் போகும்.

பூங்காவிலும் வீட்டு வாசலிலும் நட்டு வளர்த்ததைப் போடுவதானால் 'வளர்க்கப்பட்டது' என்று குறியுங்கள். ஆனால் தொட்டியில் ரோஜாவுக்குப் பக்கத்தில் தானாக முளைத்த குப்பைமேனி காட்டுச் செடிக் கணக்குத்தான். மனிதர் நட்டாரா இல்லையா என்பதுதான் கேள்வி, நிற்கும் இடம் அல்ல.

காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போக வேண்டாம், அனுமதியோடு போனாலும் எதையும் கிள்ள வேண்டாம். சாலையோரக் களையில் ஒரு காயை நசுக்கிப் பார்ப்பது வேறு, சோலைக்காட்டு ஆர்க்கிடில் ஒரு பூவைப் பறிப்பது வேறு. அழிவின் விளிம்பில் இருப்பதாகக் குறிக்கப்பட்ட செடிகளின் இடத்தைத் தளம் தானாகவே மறைக்கும். சுமார் இருபது கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும். நீங்களும் எந்தப் பதிவையும் அப்படி மறைக்கலாம். அப்புறம் குறிப்பில் "கோயிலுக்குப் பின்னால் ஓடையோரம் மூன்றாவது மரத்தில்" என்று எழுதிவிட்டால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. ஆர்க்கிட், சந்தனம், கிழங்குக்காகத் தோண்டப்படும் செடிகள் விஷயத்தில் இதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. தளத்தில் கிடைத்த பெயரை நம்பி எதையும் தின்னவோ கஷாயம் வைக்கவோ கூடாது, ஆராய்ச்சித் தரம் பெற்றிருந்தாலும். படத்தை வைத்துச் சொல்வது பதிவுக்குப் போதும், வாய்க்குப் போதாது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின் உயிரையே எடுக்கக்கூடியது.

கடைசியாக, இப்போது நின்றுபோயிருக்கும் உங்கள் பழைய பதிவுகள். முதலில் ஃபோன் கேலரியைத் திறந்து பாருங்கள். அதே நாளில், அதே செடியை எடுத்து, நன்றாக வரவில்லை என்று விட்ட படங்கள் இருக்கும். பூவின் பக்கவாட்டு, இலையின் பின்புறம், மங்கலாக ஒரு காய். அவற்றைச் சேர்த்துவிடுங்கள், கொஞ்சம் மங்கலான காய்ப்படம் ஒன்று பளிச்சென்ற பூப்படத்தைவிட அதிகம் சொல்லும். பெயர்க் கட்டம் காலியாக இருப்பவற்றில் குடும்பமாவது போடுங்கள். அதற்குமேலும் நகராதவை இருக்கும். சில பேரினங்களைப் பிரிக்க மகரந்தத்தையோ விதையையோ நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் மாதிரி இடத்தில் உலர்த்தி வைத்த மாதிரியோடு ஒப்பிட வேண்டும். அப்படிப்பட்ட பதிவில், இருக்கும் ஆதாரத்தை வைத்து இதற்குமேல் துல்லியமாக்க முடியாது என்று குறிக்கும் வசதி தளத்தில் இருக்கிறது. பேரின அளவில் ஒத்த கருத்து இருந்து அப்படிக் குறித்தால், பேரினத்தோடே அது ஆராய்ச்சித் தரம் பெறும். மற்றவை எங்கே நிற்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். காய்க்கும் மாதத்தில் ஒருமுறை அந்தப் பக்கம் போய்வந்து, காயைத் திருப்பி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறோம்.